தனித்த முயலுக்குத் துணை வேண்டுமா?

தோட்டப்புற வாழ்க்கையில் வீட்டுப் பிராணிகளுக்கு என்றுமே இடமுண்டு. லயத்தின் பின்புறத்தில் ஆட்டுக் கொட்டகையும் கோழிக் கூடும் இருக்கும். வாசலில் நாய் படுத்திருக்கும். அடுப்படியில் பூனை சுருண்டிருக்கும். இவை ஒவ்வொன்றும் ஒரு வேலையின் பொருட்டு வீட்டுக்கு வந்தவை. ஆடும் கோழியும் கைச்செலவுக்கு உதவின. நாய் காவல் காத்தது. பூனை எலியை விரட்டியது. முயல் மட்டும் எந்த வேலைக்காகவும் வருவதில்லை. பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காக வருகிறது.

ஆயர் குரோ, புக்கிட் கட்டில், டுரியான் துங்கால் முதலிய வட்டாரங்களில் தோட்டங்கள் பல செம்பனைக்கும் தாமான்களுக்கும் இடம் விட்டுவிட்டன. எனினும் லயத்திலும் சரி, தாமான் வீட்டிலும் சரி, பசார் மாலாமில் வாங்கிய ஒற்றை முயலைக் கம்பிக் கூண்டில் வைத்து வளர்க்கும் குடும்பங்களைக் காணலாம். சில மாதங்கள் சென்றபின், "பாவம், தனியாக இருக்கிறதே, இன்னொன்று வாங்கிவிடலாமா?" என்னும் பேச்சு அவ்வீடுகளில் எழுகின்றது. தாய் ஒன்று சொல்கிறாள். தந்தை செலவைக் கணக்குப் பார்க்கிறார். பிள்ளைகள் முடிவுக்குக் காத்திராமல் அதற்குப் பெயரும் சூட்டிவிடுகின்றனர். இக்கேள்விக்கு விடை காண்பதற்கு வேண்டிய செய்திகளை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முயலின் இயல்பு

நாம் வீட்டில் வளர்க்கும் முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகளைச் சேர்ந்த காட்டு முயல்களாகும். அவை தனித்து வாழ்வன அல்ல. மண்ணைத் தோண்டி, ஒன்றோடொன்று இணைந்த வளைகளை அமைத்து, ஆணும் பெண்ணுமாகக் கூட்டமாய் வாழ்கின்றன. ரொனால்டு லாக்லி என்னும் இயற்கையாளர், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் காட்டு முயல்களின் வாழ்வைப் பல ஆண்டுகள் கூர்ந்து நோக்கி, 1964-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். கூட்டத்துக்குள் தலைமை உண்டு, அடங்கி நடப்பன உண்டு, எல்லை வகுத்துக் காப்பன உண்டு என்பதை அந்நூல் உலகறியச் செய்தது.

முயல் இரையாகும் பிராணி. நரியும் பருந்தும் எப்பொழுதும் அதைத் தேடுகின்றன. ஆகவே, ஒன்று மேயும்பொழுது மற்றொன்று தலை தூக்கிப் பார்க்கிறது. ஆபத்து வந்தால் பின்காலால் தரையை ஓங்கி உதைத்து மற்றவற்றை எச்சரிக்கிறது. ஓய்ந்திருக்கும் வேளையில் ஒன்றன் நெற்றியையும் காதையும் மற்றொன்று நாவால் நீவிவிடுகிறது. தனியாக இருக்கும் முயலுக்கு இவை எவையும் இல்லை. அதன் எச்சரிக்கை உதையைக் கேட்க எவரும் இல்லை. அதன் கண்ணோரத்தைத் துடைத்துவிட எதுவும் இல்லை.

தோழமைக்கு முயல் எவ்வளவு மதிப்புத் தருகிறது என்பதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், பெண் முயல்கள் எடை ஏற்றிய கதவைத் தள்ளிச் சென்றால்தான் தீனியையோ வேறொரு முயலின் அண்மையையோ அடையலாம் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. எடை கூடக்கூட எத்தனை தூரம் முயல்கின்றன என்று கணக்கிட்டனர். தீனிக்காகப் பட்ட பாட்டுக்கு ஏறக்குறைய நிகரான பாட்டை, இன்னொரு முயலின் அருகில் செல்வதற்காகவும் அவை பட்டன.

இங்கே நம் தொழில் நேரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முயல் விடியற்காலையிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருக்கும், நண்பகலில் உறங்கும். பால்மரம் வெட்டுவோரோ விடியுமுன் பிரட்டுக்குப் புறப்பட்டு, வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்ப நண்பகலாகிவிடுகிறது. அந்நேரத்தில் முயல் கண்ணயர்ந்திருக்கும். பிள்ளைகளும் பள்ளியில் இருப்பர். ஆக, முயலும் குடும்பமும் ஒருங்கே விழித்திருப்பது மாலையில் சில மணி நேரமே. அம்மாலை நேரமும் தொலைக்காட்சிக்கும் வீட்டுப் பாடத்துக்கும் பங்கு போய்விடும். 'எங்கள் வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம். முயலுக்குத் தனிமை ஏது?' என்று கேட்பவர்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நன்று. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பதற்கு இது இடமன்று.

தனிமையா, வேறு குறையா?

கம்பியை ஓயாமல் கடித்தல், தன் மயிரைத் தானே பிடுங்கல், மூலையில் சுவரை நோக்கி உட்கார்ந்திருத்தல், தீனியை மட்டுமே நாடிப் பருத்துப் போதல் ஆகியவை தனிமையின் அறிகுறிகளாக இருக்கலாம். ஆனால் இதே அறிகுறிகள் வேறு காரணங்களாலும் தோன்றும். முயலின் பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பது. போதிய புல் தின்னாத முயலுக்குப் பல் நீண்டு வளைந்து வாய்க்குள்ளேயே குத்தும். அதுவும் மூலையில் உட்காரும், அதுவும் சோர்ந்திருக்கும். ஈரடிக் கூண்டில் அடைபட்ட முயல் கம்பியைக் கடிப்பது துணை வேண்டி அன்று. ஓட இடம் வேண்டி. அக்கூண்டுக்குள் இன்னொன்றை விட்டால் இரண்டு கைதிகள் ஆவர், அவ்வளவே. எனவே, முதலில் பல்லையும் உடம்பையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும், நாள்தோறும் சில மணி நேரம் கூண்டுக்கு வெளியே ஓடவிடுவதும் செய்ய வேண்டும். அதன் பின்னும் குறை தீரவில்லையென்றால், துணையைப் பற்றிப் பேசலாம்.

சேர்த்தும் பிரித்தும்

எல்லாப் பிராணிகளுக்கும் துணை நன்மை தரும் என்று எண்ணுவதும் பிழையே. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1963-ஆம் ஆண்டில் மாநில அரசாங்கம் தோற்றுவித்த மலாக்கா விலங்குப் பூங்கா நம் ஆயர் குரோவிலேயே இருக்கின்றது. அழிவின் விளிம்பில் இருந்த சுமத்திரா காண்டாமிருகங்களைக் காட்டிலிருந்து பிடித்துப் பெருக்கும் முயற்சி 1984-ஆம் ஆண்டில் தொடங்கியபொழுது, அவற்றுள் சில இப்பூங்காவில்தான் வைத்துப் பேணப்பட்டன. 1987-ஆம் ஆண்டு மே மாதத்தில் ரீமா என்னும் பெண் காண்டாமிருகம் இங்கே ஒரு கன்றை ஈன்றது. மீனா எனப் பெயரிடப்பட்ட அக்கன்றைக் காண்பதற்கு மக்கள் திரண்டதில் வியப்பில்லை. ஆனால் ரீமா, பிடிபடும்போதே காட்டில் கருவுற்றிருந்த விலங்காகும்.

பிடித்து வைத்த ஆணையும் பெண்ணையும் சேர்த்து மலேசியாவில் ஒரு கன்றும் பிறக்கவில்லை. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, இவ்விலங்கின் இயல்பு. சுமத்திரா காண்டாமிருகம் தனித்தே வாழ்வது; பெண் ஏற்கும் நாளைத் தவிர மற்ற நாட்களில் ஆணும் பெண்ணும் ஓரிடத்தில் விடப்பட்டால் துரத்தும், முட்டும், காயப்படுத்தும். அந்த நாள் எது என்பதை அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குப் பூங்காவினர் கருவிகளின் துணையால் கண்டறிந்த பிறகே, 2001-ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கே ஒரு கன்று பிறந்தது. அதற்குள் நம் நாட்டில் காலம் கடந்துகொண்டிருந்தது. சிலாங்கூர் சுங்கை டூசுன் காப்பகத்தில் இருந்தவை 2003-ஆம் ஆண்டில் நோயால் மாண்டன. 2019-ஆம் ஆண்டு நவம்பரில் சபாவில் ஈமான் இறந்தபோது, மலேசியாவில் இருந்த கடைசிச் சுமத்திரா காண்டாமிருகமும் மறைந்தது.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. சின்சினாட்டியில் கண்டறியப்பட்டது யாதெனில், பெண் காண்டாமிருகத்துக்கு ஆணுடன் சேர்ந்த பின்னரே கருமுட்டை வெளிப்படுகிறது என்பதாகும். முயலும் அப்படியே! உடலின் அந்த ஒரு வழக்கத்தில் ஒத்திருக்கும் இவ்விரு விலங்குகளும், துணையை நாடுவதில் இரு துருவங்களாக நிற்கின்றன.

நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இவ்வுண்மையைக் கருத்திற்கொண்டே எழுதப்பட்டுள்ளது. விலங்கின் தேவைகள் எனச் சட்டம் கூறுவனவற்றுள், தக்க உறைவிடம், தக்க உணவு ஆகியவற்றோடு, மற்ற விலங்குகளுடன் சேர்த்தோ அவற்றிலிருந்து பிரித்தோ வைக்கப்பட வேண்டிய தேவையும் ஒன்றாகும். சேர்ப்பதா, பிரிப்பதா என்பது வளர்ப்பவர் விருப்பத்துக்கு விடப்பட்ட காரியமன்று. அந்தந்த விலங்கின் இயல்பைப் பார்த்துச் செய்ய வேண்டிய கடமை. முயலைப் பொறுத்தவரை, அதன் இயல்பு சேர்ந்து வாழ்வதே. ஆயினும் எந்த முயலோடு, எந்த நிலையில் என்பதில்தான் குடும்பங்கள் தவறிவிடுகின்றன.

ஆணும் பெண்ணும்

சோடி என்றதும் ஓர் ஆண், ஒரு பெண் என்றே நம் மனம் செல்கிறது. அறுவை செய்யப்படாத அத்தகைய சோடியால் விளைவதைச் சற்றே கணக்கிடுவோம். முயலின் சினைக்காலம் 30 அல்லது 31 நாட்கள். ஈன்ற அன்றே மறுபடியும் சினையாகும் ஆற்றல் அதற்கு உண்டு. ஓர் ஈற்றுக்கு ஆறு குட்டி என்று மிதமாகக் கொண்டாலும், 31-ஆம் நாளில் ஆறு, 62-ஆம் நாளில் ஆறு, 93-ஆம் நாளில் ஆறு, 124-ஆம் நாளில் ஆறு. நான்கே மாதத்தில் 24 குட்டிகள்! தாயின் உடம்பு ஓய்வின்றி உருகிப் போவது ஒருபுறம். முதல் ஈற்றுக் குட்டிகளே அடுத்த ஓரிரு மாதங்களில் இனம் பெருக்கும் பருவம் எய்திவிடுவது மற்றொருபுறம்.

24 என்னும் எண் வரலாற்றில் பெயர் பெற்றது. 1859-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், தாமஸ் ஆஸ்டின் என்னும் பண்ணையாருக்கு இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்குக் கப்பலில் வந்து சேர்ந்த முயல்கள் 24. வேட்டை விளையாட்டுக்காக அவற்றைத் தம் நிலத்தில் வளர்த்துப் பெருக்கினார். அரை நூற்றாண்டுக்குள் முயல்கள் கண்டத்தின் பெரும்பகுதியில் பரவி மேய்ச்சல் நிலங்களை மொட்டையடித்தன. மேற்கு ஆஸ்திரேலியா 1901 முதல் 1907 வரை மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் முயல்தடுப்பு வேலி போட நேர்ந்தது. அந்த வேலியாலும் முயல்களை முற்றாகத் தடுக்க முடியவில்லை. லயத்துக் கூண்டில் இத்தனை பெரிய கேடு விளையாதுதான். ஆனால் குட்டிகளை என் செய்வது என்று அறியாமல் சாலையோரத்திலும் தோட்டத்துக்குள்ளும் விட்டுவிடும் வழக்கம் உண்டு. வீட்டில் வளர்ந்த முயல் வெளியில் பிழைக்காது. நாய்க்கும் மூசாங்குக்கும் மலைப்பாம்புக்கும் அது ஓரிரு நாளில் இரையாகிவிடும்.

அப்படியானால் இரண்டு ஆண்களை வைக்கலாமா? குட்டிகளாக இருக்கும்போது அண்ணன் தம்பியாய்ப் படுத்துறங்கும் இரு ஆண் முயல்கள், பருவம் எய்தியதும் ஒன்றையொன்று கிழித்துவிடும். இரண்டு பெண்கள் ஓரளவு ஒத்துப் போகலாம். ஆனால் அவையும் இடத்துக்காகச் சண்டையிடும். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் பொய்ச்சினை உண்டாகி, பதினாறு பதினெட்டு நாட்கள் வரை மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டிக்கொண்டு சிடுசிடுப்பாய் இருப்பதும் உண்டு.

ஆகவே, மிகச் சிறந்த சோடி அறுவை செய்யப்பட்ட ஆணும், அறுவை செய்யப்பட்ட பெண்ணுமே. ஆணுக்குக் காயடித்தலும் பெண்ணுக்குக் கருப்பை நீக்கலும் கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டியவை. கடாவுக்குக் காயடித்துப் பழகிய கை என்று எவரும் முயலிடம் கத்தியைக் காட்டக் கூடாது! காயடித்த ஆண் உடனே மலடாகிவிடுவதில்லை. நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை அதனால் சினைப்படுத்த இயலும். அதுவரை பெண்ணிடமிருந்து பிரித்தே வைக்க வேண்டும். பெண்ணுக்குச் செய்யும் அறுவையில் மற்றொரு பயனும் உண்டு. வயதான பெண் முயல்களுக்குக் கருப்பையில் புற்றுநோய் வருவது மிகுதி. அறுவை அதைத் தடுத்துவிடுகிறது.

இச்செலவு முயலின் விலையைப் போல் பன்மடங்காகலாம். தோட்டக் குடும்பத்துக்கு அது எளிய செலவன்று என்பதை நாம் மறுக்கவில்லை. கையிலுள்ள பணம் ஓர் அறுவைக்கு மட்டுமே போதுமென்றால், ஆணுக்குச் செய்வது மேல். அது சிறிய அறுவை, செலவும் குறைவு, குட்டிப் பெருக்கமும் நின்றுவிடும். அதற்கும் வழியில்லை என்றால், இரண்டாவது முயலை வாங்காதிருப்பதே முறையாகும். வாங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது முயல் விஷயத்தில் 31 நாள் தவணைக் கடன் போன்றது.

விற்பவரின் சொல்லை நம்பி ஆண், பெண் என்று முடிவு செய்வதும் ஆபத்தே. எட்டு, பத்து வாரம் ஆகாத குட்டியில் பாலினம் அறிவது பழகியவர்க்கும் கடினம். மருத்துவரிடம் காட்டித் தெளிந்துகொள்ள வேண்டும்.

இடமும் தீனியும்

பிரிட்டனில் முயல் நலத்துக்கெனவே இயங்கும் சங்கம், இரண்டு முயல்களுக்கு மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் கொண்ட இடம் எப்பொழுதும் வேண்டும் என்கிறது. அடிக்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ பத்தடிக்கு ஆறரையடி. சந்தையில் விற்கும் கூண்டு எதுவும் இதன் அருகில்கூட வராது. ஆனால் லயத்தின் பின்புறத்தில் பழைய பலகையும் கம்பிவலையும் கொண்டு இத்தகைய கூடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அமைத்துவிடலாம். தாமானில் அடுத்தடுத்து வீடு இருப்பவர்களைவிடத் தோட்டத்தார்க்கு இதில் வசதி அதிகம். தரையில் வலை மட்டும் இருந்தால் பாதம் புண்ணாகும். பலகையோ பாயோ வேண்டும். வளை தோண்டித் தப்பாதிருக்க வலையை மண்ணுக்குள் ஓரடி இறக்க வேண்டும். மலைப்பாம்பு நுழையாதிருக்க வலையின் கண் சிறிதாயிருக்க வேண்டும்.

மலாக்காவின் வெயில் முயலுக்குப் பகை. முயலுக்கு நம்மைப்போல் வியர்ப்பதில்லை. காதுகளின் வழியே உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. 30 பாகை செல்சியசைத் தாண்டும் நண்பகலில், தகரக் கூரையின் கீழ் இரண்டு முயல்களை நெருக்கி வைத்தால் ஒருசேர மாண்டுபோகும். மரநிழலும் காற்றும் கட்டாயம் வேண்டும். போத்தலில் நீரை உறையவைத்துத் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வைத்தால் அதன்மேல் சாய்ந்துகொள்ளும்.

தீனியைப் பொறுத்தவரை இரண்டாவது முயலால் பெருஞ்செலவு இல்லை. முயலின் உணவில் பெரும்பகுதி புல்லே. அந்தப் புல் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விழிப்பு வேண்டும். புல் மருந்து அடித்த நிரைகளிலிருந்து ஒரு பிடியும் அறுக்கக் கூடாது. பாராகுவாட் மருந்து 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது என்பதால் மற்ற மருந்துகள் தீங்கற்றவை ஆகிவிடா. ரப்பர் இலையும் பச்சை மரவள்ளி இலையும் நஞ்சுள்ளவை. ஆட்டுக்கு ஒடித்துப் போடும் பழக்கத்தில் அவற்றை முயலுக்கும் போட்டுவிடுவோர் உளர்.

அறிமுகம் செய்யும் முறை

புதிய முயலை வாங்கி வந்த அன்றே பழைய முயலின் கூண்டுக்குள் விட்டுவிடுதல் எங்கும் காணும் பிழை. மறுநாள் காலையில் இரத்தத்தையும் மயிரையும் கண்டு, "என்ன, இவை ஒத்துப்போகவில்லையே!" என்று வியப்பர். புதிய முயலை முதலில் இரண்டு வாரமாவது வேறிடத்தில் வைத்துக் கவனிக்க வேண்டும். சொறி, சளி, வயிற்றுப்போக்கு முதலியவை இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். 1984-ஆம் ஆண்டில் சீனாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட முயல் இரத்தக்கசிவு நோய் 2020-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வரை வந்துவிட்டது. ஓரிரு நாளில் கொல்லும் அந்நோய், புல்லிலும் கையிலும் காலணியிலும்கூட ஒட்டிப் பரவும். ஆகவே, பழைய முயலுக்குத் தீனி வைத்த பிறகே புதியதன் பக்கம் செல்வதும், கையைச் சவர்க்காரத்தால் கழுவுவதும் வழக்கமாக வேண்டும்.

அடுத்தது, மணத்தால் அறிமுகம். முயல் தன் மோவாயைக் கூண்டின் மூலைகளிலும் தட்டின் விளிம்பிலும் தேய்ப்பதைப் பார்த்திருப்போம். மோவாயின் கீழுள்ள சுரப்பியால் அது, "இது என் இடம்" என்று எழுதி வைக்கிறது. அவ்விடத்தில் அந்நியன் நுழைந்தால் சண்டைதான். இரு கூண்டுகளையும் அருகருகே, மூக்கைக் கடித்துவிடாதபடி ஒரு சாண் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். ஒன்றன் படுக்கைப் புல்லை மற்றதன் கூண்டில் போட வேண்டும். ஓரிரு நாளுக்கு ஒருமுறை கூண்டுகளையே மாற்றிவிடலாம். வலையை நோக்கிப் பாய்வது குறைந்து, இரண்டும் வலைக்கு அருகில் ஒன்றையொன்று நோக்கிப் படுத்துக்கொள்ளத் தொடங்கினால், அடுத்த படிக்குச் செல்லலாம். இதற்கு ஒரு வாரம் ஆகலாம். ஒரு மாதமும் ஆகலாம்.

முதல் சந்திப்பு, இரண்டும் முன்பு கால் வைக்காத இடத்தில் நடைபெற வேண்டும். அண்டை வீட்டுத் திண்ணையோ, நன்கு கழுவிய குளியலறையோ பொருந்தும். சிமெண்டுத் தரையானால் வழுக்காமல் சாக்கை விரிக்க வேண்டும். தரையில் புல்லையும் கீரையையும் தூவி வைத்தால், தின்னும் ஆவலில் ஒன்றையொன்று முறைப்பது குறையும். இரண்டு வழி திறந்த அட்டைப்பெட்டிகள் சில இருக்கட்டும். ஒருவழி மட்டும் உள்ள பெட்டி பொறியாகிவிடும். பெரியவர் ஒருவர் தடித்த கையுறை அணிந்து, ஒரு பலகையைக் கையில் வைத்துக்கொண்டு உடனிருக்க வேண்டும். பிள்ளைகள் அச்சமயத்தில் சற்றே எட்டி நிற்பது நல்லது.

துரத்துவதும், மேலேறுவதும், சிறிது மயிரைப் பிடுங்குவதும் இயல்பே. இவை வாயிலாக எது மூத்தது என்பதை அவை தீர்மானித்துக்கொள்கின்றன. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிச் சுழன்று உருண்டு கடித்தால், உடனே பலகையை இடையில் நுழைத்துப் பிரிக்க வேண்டும். வெறுங்கையை நீட்டினால் எலும்பு வரை கடி இறங்கும். முதல் நாள் பத்து நிமிடம் போதும். நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, எப்பொழுதும் அமைதியான வேளையில் சந்திப்பை முடிக்க வேண்டும். ஒன்று தலையைத் தாழ்த்தி நீட்ட, மற்றது அதன் நெற்றியை நீவிவிடும் காட்சியைக் கண்டால், பாதி வெற்றி. காவலின்றிப் பல மணி நேரம் ஒன்றாய்ப் படுத்துண்ணும் வரை இரவில் பிரித்தே வைக்க வேண்டும். வெளிக்காட்டு வேலைக்குச் செல்லும் நாட்களில் அவற்றை ஒன்றாய் விட்டுச் செல்லும் துணிச்சல் கூடாது. விடுமுறை நாட்களில் தொடங்குவதே நலம்.

துணை வேண்டாத நிலைகள்

வெகு சில முயல்கள் எவ்வளவு பொறுமை காட்டினும் மற்றொன்றை ஏற்பதில்லை. முதுமையால் நலிந்ததும், தீராத நோயுற்றதும் துரத்தலுக்கு ஈடுகொடுக்க மாட்டா. இடமோ அறுவைச் செலவோ இயலாத வீடுகளும் உள்ளன. இத்தகைய நிலையில் ஒற்றை முயலாகவே வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் தோழமையைக் குடும்பத்தார்தாம் தர வேண்டும். மாலையில் கூண்டைத் திறந்து, தரையில் உட்கார்ந்து, அது தானாக வந்து முகரும்வரை காத்திருந்து, நெற்றியை வருடிக் கொடுக்கலாம். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வயிற்றை மேலாக்கி மல்லாத்தினால் அது அசையாமல் கிடப்பது இன்பத்தால் அன்று, அச்சத்தால். பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்வது பெற்றோர் பொறுப்பு. பிற்பகலில் அது உறங்குமிடத்தை வாசல் திண்ணையின் நிழலுக்கு மாற்றி வைத்தாலே, மனிதர் நடமாட்டத்தோடு சேர்ந்து இருப்பதில் ஓரளவு அமைதி கொள்ளும்.

கினிப்பன்றியைத் துணைக்கு விடலாம் என்று கடைக்காரர்கள் சிலர் கூறுவர். முயலின் ஓர் உதை போதும், கினிப்பன்றியின் எலும்பு முறிய. இரண்டின் மொழியும் வேறு, உணவுத் தேவையும் வேறு. கினிப்பன்றிக்கும் தன் இனத்துத் துணையே தேவை. சுவிட்சர்லாந்து 2008-ஆம் ஆண்டில் அதைத் தனியாக வளர்ப்பதற்குச் சட்டத்தால் தடை விதித்தது. கோழிக் கூட்டில் முயலை விடுவதும், கோழிகள் கொத்துவதாலும் அவற்றின் எச்சத்தால் நோய் பரவுவதாலும், கூடாது.

இனி, துணை கிடைத்து ஒன்றாய் வாழ்ந்த சோடியில் ஒன்று இறந்துபோகும் நாளும் வரும். முயல் எட்டு, பத்து ஆண்டுகள் வாழக் கூடியது. இரண்டும் ஒரே நாளில் போவதில்லை. தொற்றுநோயால் மாளவில்லை என்று தெரிந்தால், இறந்த முயலின் உடலை உயிரோடிருக்கும் முயலின் அருகில் சிறிது நேரம் விட்டு வைப்பது வழக்கம். அது முகர்ந்து பார்க்கும், நாவால் நீவும், பிறகு விலகிச் சென்றுவிடும். அவ்வாறு செய்யாமல் உடலை மறைத்து எடுத்துவிட்டால், பல நாட்கள் மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருக்கும் என்று வளர்ப்பவர்கள் கூறுகின்றனர். அந்நாட்களில் கவனிக்க வேண்டியது அதன் தீனித் தட்டையும் புழுக்கையையுமே. முயலின் குடல் நிற்காமல் இயங்க வேண்டியது. அரை நாள் உண்ணாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், அந்தி நேரமென்றோ மறுநாள் பிரட்டு என்றோ பாராமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். உண்ணத் தொடங்கி, ஓடியாடத் தொடங்கி, சில வாரங்கள் கழிந்த பின்னரே மறுதுணையைப் பற்றி வீட்டார் மீண்டும் கூடிப் பேசலாம்.